நிதி மேலாண்மை நடத்தப் போகிறீர்களா? ரெண்டு வட்டியிலிருந்து தொடங்குங்கள்

கல்லூரியில் புதிதாகச் சேர்ந்திருப்பீர்கள், துறைத்தலைவர் பாடத்திட்டத் தாளைக் கையில் கொடுத்து "இந்த செமஸ்டர் நிதி மேலாண்மை உங்களுக்குத்தான்" என்று சொல்லியிருப்பார். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பி.காம், பி.பி.ஏ, எம்.காம் எதுவானாலும் யூனிட்டுகள் ஏறக்குறைய அதேதான்: பணத்தின் கால மதிப்பு, முதலீட்டு முடிவுகள், மூலதனச் செலவு (தொழிலில் போடுகிற பணத்துக்கு ஆகிற செலவு), நடைமுறை மூலதனம் (அன்றாட வியாபாரத்துக்கு வேண்டிய பணம்), பங்காதாயம் (பங்குதாரருக்குப் பிரித்துத் தருகிற லாபம்). நான் முதல் இரண்டு வருடம் இதைப் புத்தக வரிசையிலேயே நடத்தினேன். பிள்ளைகள் சூத்திரத்தை ஒப்பித்தார்கள், தேர்விலும் தேறினார்கள், ஆனால் மூன்றாம் ஆண்டு முடித்துவிட்டுப் போன ஒரு பையன் பைக் லோன் தாளோடு திரும்பி வந்து "சார், இது நல்ல வட்டியா, பாருங்களேன்" என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. இவனுக்கு நான் அறுபது மணி நேரம் வட்டியைப் பற்றித்தானே நடத்தினேன்?

அதற்குப் பிறகு வரிசையை மாற்றினேன். நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்குப் பணத்தின் விலை ஏற்கெனவே தெரியும். அம்மா சீட்டுக் கட்டுகிறார், அப்பா தண்டல் வாங்கியிருக்கிறார், அக்கா கல்யாணத்துக்கு நகை அடகில் இருக்கிறது. அதை ஒரு கோட்டில் வரைந்து, ஒரே எண்ணாக மாற்றிப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதுதான் நம் வேலை. சூத்திரம் கடைசியில் வரட்டும்.

முதல் வகுப்பில் வரையறை எதுவும் எழுத வேண்டாம். பலகையில் ஒரே கேள்வி: "வங்கியில் 11 சதவீதம், தெருவில் ஒரு வட்டி. எது மலிவு?" பாதி வகுப்பு தயங்காமல் ஒரு வட்டி என்று சொல்லும், ஏனென்றால் ஒன்று பதினொன்றைவிடச் சின்னது. வேறு யாராவது ஒரு மாணவி, பெரும்பாலும் வீட்டுக் கணக்கைப் பார்த்துக்கொள்கிற பெண்ணாக இருப்பாள், "சார் அது மாசத்துக்கு, நூத்துக்கு ஒரு ரூபா, அப்போ வருஷத்துக்குப் பன்னெண்டு" என்பாள். அவளை எழுந்து வந்து பலகையில் எழுதச் சொல்லுங்கள். ரெண்டு வட்டி என்றால் 24, மூணு வட்டி என்றால் 36, பத்து வட்டி என்றால் 120. ஊரில் மாதக் கணக்கில் பேசுகிறார்கள், வங்கி ஆண்டுக் கணக்கில் பேசுகிறது, இரண்டையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவராமல் ஒப்பிடக் கூடாது. இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் முதல் வகுப்புக்கு அது போதும்.

அடுத்த இரண்டு வாரத்துக்கு ஒரே பழக்கம்: காலக்கோடு. நோட்டில் படுக்கையாக ஒரு கோடு, அதில் இன்று, 1, 2, 3 என்று மாதங்கள். கைக்கு வருகிற பணத்துக்கு மேல்நோக்கி அம்பு, கையை விட்டுப் போகிற பணத்துக்குக் கீழ்நோக்கி. வரைவதற்கு முன்னால் "யார் கையிலிருந்து பார்க்கிறோம்?" என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள், சலிப்பாக இருந்தாலும் கேளுங்கள். கடன் வாங்கியவருக்கு மேலே போகிற அம்பு கொடுத்தவருக்குக் கீழே போகும் என்பதை முதல் நாளே பார்த்துவிட்டால், பின்னால் கூட்டல் கழித்தல் குறியில் வருகிற பாதித் தவறுகள் வராமலே போய்விடும்.

முதல் கணக்காகத் தண்டலை எடுங்கள். பத்தாயிரம் ரூபாய்த் தண்டல், முன்கூட்டியே பிடித்தம் போகக் கையில் 8,500, பிறகு நூறு நாளைக்குத் தினம் நூறு ரூபாய். எத்தனை சதவீதம் என்று கேட்டால் எல்லோரும் பதினைந்து என்பார்கள். சரி, பதினைந்து, எவ்வளவு நாளைக்கு? நூறு நாளைக்கு. அப்போ வருஷத்துக்கு ஐம்பத்தைந்து என்று யாராவது பெருக்கிச் சொல்வார்கள். இங்கே நிறுத்தி, "ஐம்பதாவது நாள் அவர் கையில் இன்னும் 8,500 கடன் இருக்கிறதா?" என்று கேளுங்கள். இல்லை, அதற்குள் அவர் ஐயாயிரம் கட்டிவிட்டார். அடுத்த நாளே திருப்பிக் கொடுக்கத் தொடங்கிய பணத்துக்கும் முழு நூறு நாள் வட்டி போட்டிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் வகுப்புக்குத் தெரியவரும். சரியாகக் கணக்குப் போட்டால் நாளுக்கு ஏறக்குறைய 0.33 சதவீதம், ஆண்டுக்கு 120 சதவீதத்துக்கு மேல். வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும். தள்ளுவண்டிக்காரரும் பூக்காரம்மாவும் இந்தக் கடனைத்தான் வாங்குகிறார்கள், அதை வாங்குவதற்கு அவர்களுக்குக் காரணம் இருக்கிறது, காலை நான்கு மணிக்குச் சந்தையில் சரக்கெடுக்க வங்கி பணம் தராது. அதையும் சொல்லிவிடுங்கள். கடன் வாங்கியவர் ஏமாளி என்ற எண்ணம் வகுப்பில் வந்துவிடவே கூடாது. 2003-லேயே தமிழ்நாட்டில் கந்து வட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது என்பதை ஒரு வரியில் சொல்லலாம், அன்றைக்கு அதற்கு மேல் வேண்டாம்.

நாளுக்கு 0.33 எப்படி வந்தது என்று கேட்பார்கள். அங்கேதான் கைபேசியை வெளியே எடுக்கச் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் நிறையப் பேரிடம் மடிக்கணினி கிடையாது, ஆனால் கூகுள் ஷீட்ஸ் கைபேசியிலேயே வேலை செய்கிறது. அதில் வட்டி வீதத்தைக் கண்டுபிடிக்கிற ரேட் (RATE) என்ற சார்பில் நாட்கள் 100, தினத் தவணை கழித்தல் 100, கைக்கு வந்த 8500 என்று வரிசையாகப் போட்டால் விடை வந்துவிடும். கழித்தல் குறியை விட்டுவிட்டால் பிழை காட்டும், உடனே "சார் வரல" என்று நாலு பேர் கத்துவார்கள். சந்தோஷப்படுங்கள். கோட்டில் வரைந்த கீழம்புதான் இந்தக் கழித்தல் குறி என்று காட்ட இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

அடுத்தது பைக் லோன், இதற்கு ஒரு முழு வாரம் கொடுங்கள். ஒரு லட்சம் கடன், 12 சதவீத ஃபிளாட் வட்டி (கடன் குறைந்தாலும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே போடுகிற வட்டி), இரண்டு வருடம். வட்டி 24,000, மொத்தம் 1,24,000, அதை 24-ஆல் வகுத்தால் மாதத் தவணை சுமார் 5,167. கணக்கு சுத்தமாக இருக்கிறது, எல்லோரும் தலையாட்டுவார்கள். இப்போது மாதாமாதம் மீதிக் கடனை எழுதச் சொல்லுங்கள். ரேட் சார்பு காட்டுகிற வீதம் மாதம் 1.8 சதவீதத்துக்கு ஒரு நூல் குறைவு, ஆண்டுக்குச் சுமார் 21.6. முதல் மாத வட்டி சுமார் 1,798, மீதி 3,369 அசலுக்குப் போகிறது. இரண்டாம் மாதம் 96,631-க்குத்தான் வட்டி. இப்படி 24 வரிகளையும் அவர்கள் கையாலேயே எழுதட்டும், கடைசி வரியில் மீதி சுழியத்தை ஒட்டி வந்து நிற்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். 12 என்று விற்கப்பட்ட கடன் 21.6 என்பதை யாரும் சொல்லாமல் அவர்களே கண்டுபிடித்திருக்கிறார்கள், இனி மறக்க மாட்டார்கள்.

இதோடு ஒரு நடைமுறைச் செய்தியையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் அனுமதிக்கப்படுகிற புதிய சில்லறைக் கடன்களுக்கு, வங்கியானாலும் நிதி நிறுவனமானாலும், முக்கிய விவரத் தாள் ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வீதம் அதில் இருக்க வேண்டும், கடன் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள், வீட்டிலும் சொல்லச் சொல்லுங்கள்.

வட்டியில்லாத இஎம்ஐ பற்றி நீங்கள் பேச்செடுக்காவிட்டாலும் அவர்கள் எடுப்பார்கள். 18,000 ரூபாய் போன், ஆறு மாதம், மாதம் 3,000, வட்டி இல்லை. அதே போனை முழுப் பணம் கொடுத்து வாங்கினால் ஆயிரம் ரூபாய் தள்ளுபடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் உண்மையில் வாங்கிய கடன் 17,000. கணக்குப் போட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 20 சதவீதம் வரும். கைவிட்டுப் போன தள்ளுபடியும் ஒரு செலவுதான் என்பதைப் புத்தகத்தில் வாய்ப்புச் செலவு என்று எழுதியிருப்பார்கள், இந்தக் கணக்குக்குப் பிறகு அந்தச் சொல்லைச் சொன்னால் போதும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஏலச்சீட்டு. ஐந்து பேரை முன்னால் கூப்பிட்டு உட்கார வையுங்கள். துண்டுக் காகிதத்தில் பணம் எழுதிக்கொடுங்கள், உண்மைப் பணம் வேண்டவே வேண்டாம், சீட்டு நடத்த 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஐந்து பேர், ஐந்து மாதம், ஆளுக்கு ஆயிரம், ஐயாயிரம் ரூபாய்ச் சீட்டு. கணக்கு எளிதாக இருக்க நடத்துபவர் கமிஷனை விட்டுவிடுங்கள் (நிஜத்தில் உண்டு, 2019 திருத்தத்தில் அதன் உச்சவரம்பு 5-லிருந்து 7 சதவீதமானது). முதல் மாதம் 400 தள்ளி, அதாவது 400 ரூபாயை விட்டுக்கொடுத்து, ஒருவர் எடுக்கிறார், அடுத்த மாதம் 300, அப்புறம் 200, 100, கடைசி ஆளுக்குத் தள்ளுபடி இல்லை. தள்ளிய பணத்தை ஐந்து பேரும் சமமாகப் பிரித்துக்கொள்வதால் ஒவ்வொருவரும் கட்டுவது 920, 940, 960, 980, 1,000. ஆக மொத்தம் ஆளுக்கு 4,800.

இப்போது ஒவ்வொருவரும் தன் காலக்கோட்டைத் தானே பலகையில் வரையட்டும். முதலில் எடுத்தவர் கைக்கு 4,600 வந்து 920 போகிறது, அதாவது 3,680 கடன் வாங்கியவர் மாதிரி. பிறகு 940, 960, 980, 1,000 என்று கட்டுகிறார். அவர் கொடுக்கிற வட்டி மாதம் 2.1 சதவீதம், ரெண்டு வட்டியைவிட ஒரு துளி மேல். கடைசியில் எடுத்தவர் 920, 940, 960, 980 கட்டிவிட்டு ஐந்தாம் மாதம் 5,000 வாங்கி 1,000 கட்டுகிறார், கைக்கு 4,000. அவருக்குக் கிடைக்கிற வட்டியும் மாதம் 2.1-ஐ ஒட்டித்தான் வரும். ஒரே சீட்டு ஒருவருக்குக் கடன், இன்னொருவருக்குச் சேமிப்பு, இருவருக்கும் இடையில் வங்கியே இல்லாமல் ஒரு வட்டி வீதம் ஏலத்தில் தானாக உருவாகிவிட்டது. நிதிச் சந்தை என்றால் என்ன என்று நான் ஒரு மணி நேரம் பேசினாலும் இந்த ஐந்து துண்டுக் காகிதம் சொல்வதைச் சொல்ல முடியாது.

மூன்றாவது ஆளை விட்டுவிடாதீர்கள். அவர் 920, 940 கட்டினார், மூன்றாம் மாதம் 4,800 வாங்கி 960 கட்டினார், பிறகு 980, 1,000. கட்டியது 4,800, வாங்கியதும் 4,800. அவருடைய அக ஈட்டு வீதம், அதாவது வந்ததையும் போனதையும் இன்றைய மதிப்பில் சமமாக்குகிற வட்டி, என்ன? சுழியம் என்று வகுப்பு சொல்லும், சரிதான். இப்போது எல்லாத் தொகையையும் மாதம் 4.26 சதவீதத்தில் இன்றைய மதிப்புக்கு மாற்றிக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், அதிலும் நிகர இன்றைய மதிப்பு சுழியத்தை ஒட்டி வரும்! ஒரே பணவோட்டத்துக்கு இரண்டு விடை. பணம் போய், வந்து, மறுபடியும் போவதால் குறி இரண்டு தடவை மாறுகிறது, அதனால் அக ஈட்டு வீதம் ஒன்றுக்கு மேல் வரலாம். புத்தகத்தில் இது ஒரு பத்தி எச்சரிக்கையாக மட்டும் இருக்கும், யாரும் படிக்க மாட்டார்கள். இங்கே ஒரு பிள்ளை தன் கோட்டைப் பார்த்து "எனக்கு மட்டும் ஏன் சார் ரெண்டு வருது" என்று கேட்கும். அக ஈட்டு வீதத்தைவிட நிகர இன்றைய மதிப்பை ஏன் அதிகம் நம்புகிறோம் என்பதற்கு அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குங்கள். இது பி.காம் பிள்ளைகளுக்கு அதிகம் என்று சிலர் சொல்வார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கோடு வரையப் பழகிய பிள்ளைக்கு இது அதிகமே இல்லை.

இந்தக் கட்டத்துக்கு வந்த பிறகுதான் சூத்திரமும் அட்டவணையும். தேர்வில் இன்றைய மதிப்பு அட்டவணை கொடுப்பார்கள் என்பதால் அது எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் பட்டம் வாங்கிவிடுகிறார்கள். 10 சதவீத வரிசையை மட்டும் அவர்களையே தயாரிக்கச் சொல்லுங்கள்: 1-ஐ 1.1-ஆல் வகுத்தால் 0.909, அதை மறுபடி 1.1-ஆல் வகுத்தால் 0.826, பிறகு 0.751, 0.683, 0.621. ஐந்து நிமிட வேலை. எக்செல்லில் வேலை கொடுப்பீர்களானால் ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள்: நிகர இன்றைய மதிப்பைக் கணக்கிடுகிற அதன் என்பிவி (NPV) சார்பு முதலில் கொடுக்கிற எண்ணையும் ஒரு வருடம் கழித்து வருவதாகத்தான் எடுத்துக்கொள்ளும். இன்றைக்கே போடுகிற முதலீட்டை அடைப்புக்கு உள்ளே சேர்த்தால் விடை தவறு, வெளியே தனியாகக் கூட்ட வேண்டும். வேலைக்குப் போன பிறகும் இதே தவறைச் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மொழியைப் பற்றியும் ஒன்று. தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளை கணக்கில் தடுமாறுவதில்லை, கேள்வியின் ஆங்கிலத்தில்தான் தடுமாறுகிறது. கருத்தைத் தமிழில் நடத்துங்கள், பலகையில் தேர்வுச் சொல்லையும் பக்கத்திலேயே எழுதுங்கள், வாரம் ஒரு முறை பழைய வினாத்தாளிலிருந்து ஒரு கேள்வியை எடுத்து, விடை போடாமல், கோடு மட்டும் வரையச் சொல்லுங்கள். கேள்வி புரிந்ததா இல்லையா என்பது கோட்டிலேயே தெரிந்துவிடும்.

நான் செய்த ஒரு பெரிய தவறைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாதீர்கள். ஒரு வருடம் அசைன்மென்ட்டாக "உங்கள் வீட்டில் உள்ள கடன்களை எழுதி வட்டி கணக்கிடுங்கள்" என்று கொடுத்தேன். நல்ல எண்ணத்தில்தான் கொடுத்தேன். ஒரு மாணவி மூன்று நாள் கல்லூரிக்கே வரவில்லை. பிறகு தனியாக வந்து, வீட்டுக் கடனை எழுதினால் அப்பா வருத்தப்படுவார், எழுதாவிட்டால் இன்டர்னல் மார்க் போய்விடும் என்று அழுதாள். அந்தப் பெண்ணை அந்த நிலையில் நிறுத்தியது நான்தான் என்ற எண்ணம் இன்றும் போகவில்லை. வீட்டுப் பணத்தை வகுப்பில் யாரும் திறந்து காட்டத் தேவையில்லை. கணக்கு நிஜமாக இருக்க வேண்டும், பெயர் இருக்கக் கூடாது. தண்டல், நகைக்கடன், சீட்டு, பைக் என்று நாலைந்து விவரத் தாள்களை நீங்களே தயார் செய்து கொடுங்கள், தன் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்க்க விரும்புகிற பிள்ளை அதை வீட்டிலேயே போட்டுக்கொள்ளும்.

மூலதனச் செலவு யூனிட்டில் எல்லோரும் முட்டிக்கொள்கிற இடம் ஒன்றுதான்: "சொந்தப் பணத்துக்கு ஏன் சார் செலவு? அதுக்குத்தான் வட்டியே இல்லையே." ஒரு டிபன் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். தொடங்க ஒரு லட்சம், அதில் 40,000 மகளிர் குழுக் கடன் 12 சதவீதத்தில், 60,000 அக்காவின் சேமிப்பு. அந்த 60,000-ஐ அக்கா கடையில் போடாமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று கேளுங்கள். வைப்பு நிதியில் போட்டிருக்கலாம், தெரிந்தவருக்கு வட்டிக்குக் கொடுத்திருக்கலாம். கடை நொடித்தால் முதலில் போவது அவர் பணம், அதனால் அவர் எதிர்பார்ப்பது குழு வாங்குகிற 12-ஐவிடக் கூடுதலாகத்தானே இருக்க வேண்டும்? 20 என்று வகுப்பே முடிவு செய்யட்டும். 0.6 பெருக்கல் 20, 0.4 பெருக்கல் 12, மொத்தம் 16.8. கடை வருடத்துக்கு இதைவிடக் குறைவாகச் சம்பாதித்தால் லாபம் என்று நோட்டில் இருந்தாலும் அக்காவுக்கு நட்டம். வரிச் சலுகை, பீட்டா (சந்தையோடு சேர்ந்து ஒரு பங்கு எவ்வளவு ஆடுகிறது என்ற அளவு) எல்லாம் இதன் மேல் ஏற்றுகிற சுமைதான், இந்த அடித்தளம் நின்றால் அவை நிற்கும்.

நடைமுறை மூலதனத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம், மளிகைக் கடைக் கடன் நோட்டு ஒன்று போதும். பங்காதாயக் கோட்பாடுகளைத் தேர்வுக்கு வேண்டிய அளவு நடத்தினால் போதும்.

பங்குச் சந்தை பாடத்திட்டத்தில் தனி யூனிட்டாக இல்லாவிட்டாலும் ஒரு வகுப்பை அதற்கு ஒதுக்குங்கள், ஏனென்றால் கடைசி பெஞ்சில் யாரோ ஒருவன் ஏற்கெனவே ஆப்ஷன், அதாவது விலை ஏறுமா இறங்குமா என்பதன் மேல் போடுகிற விருப்பப் பேரம், வாங்கிக்கொண்டிருக்கிறான். அவனைத் திட்ட வேண்டாம். 2024 செப்டம்பரில் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்துகிற செபி வெளியிட்ட ஆய்வை எடுத்து வையுங்கள்: 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எதிர்கால, விருப்பப் பேர வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நட்டம், மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். பிறகு ஒரு கணக்கு: 50 சதவீதம் இழந்தவன் பழைய இடத்துக்குத் திரும்ப எத்தனை சதவீதம் சம்பாதிக்க வேண்டும்? 50 என்று சொல்வார்கள், 100 வேண்டும். அதே வகுப்பில், முதலீட்டாளர்களுக்கு மாதாமாதம் பணம் தருவதாகச் சொல்லி 2012-ல் பெருந்துறைப் பக்கம் கவிழ்ந்த ஈமு பண்ணைகளைப் பற்றியும் பேசுங்கள், கொங்குப் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டில் கேள்விப்பட்டிருப்பார்கள். மாதாமாதம் இவ்வளவு என்று உறுதி சொல்கிற எந்தத் திட்டத்துக்கும் கோடு வரைந்து, அந்தப் பணம் எந்த வியாபாரத்திலிருந்து வரும் என்று அம்புக்குப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத எதுவும் இல்லையென்றால் அது அடுத்து சேர்கிறவர் போடுகிற பணம்தான்.

மதிப்பெண்ணுக்கு வருவோம். இன்டர்னலில் பாதியை எழுத்துத் தேர்வுக்கு வைத்துக்கொள்ளுங்கள், மீதியை ஆளுக்கு ஐந்து நிமிட வாய்மொழிக்குக் கொடுங்கள். அறுபது பேர் என்றால் நாலைந்து மதியங்கள் போகும், போகட்டும். ஒரு கடன் விளம்பரத் தாளையும் பேனாவையும் கையில் கொடுத்து "இதை வரை" என்று மட்டும் சொல்லுங்கள். சூத்திரம் கேட்க வேண்டாம். பரிசீலனைக் கட்டணத்தை முதல் அம்பிலேயே கழித்து வரைகிற பிள்ளைக்கு முழு மதிப்பெண். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கிற வட்டியை அப்படியே எழுதிவிட்டு நிமிர்ந்து பார்க்கிற பிள்ளையை மறுபடி ஒரு வாரம் கழித்து வரச் சொல்லுங்கள், மதிப்பெண்ணைக் குறைக்காமல்.